ஆர்.டி.ஓ. விசாரணைக்கு முன்னால்

பேப்பரில் அடிக்கடி வரும் ஒரு வரி உங்களுக்கு மனப்பாடமே ஆகியிருக்கும். மாவட்டச் செய்திப் பக்கத்தின் கீழ் மூலையில் இரண்டு அங்குலச் செய்தி. இளம்பெண் தீக்குளித்தார், அல்லது தூக்கில் தொங்கினார். ஊர் பெயர், கணவர் என்ன வேலை, குழந்தைகள் எத்தனை. கடைசியில், 'திருமணமாகி நான்கு ஆண்டுகளே ஆவதால் ஆர்.டி.ஓ. விசாரணை நடைபெறுகிறது.' நான்குக்குப் பதில் இரண்டு வரும், ஆறு வரும். எட்டு வராது. ஏன் என்று யோசித்திருக்கிறீர்களா?

ஏழு வருஷம்தான் கணக்கு. கல்யாணமாகி ஏழு வருஷத்துக்குள் ஒரு பெண் தற்கொலை செய்துகொண்டாலோ, சாவில் சந்தேகம் இருந்தாலோ, போலீஸ் மட்டும் பார்த்தால் போதாது, மாஜிஸ்திரேட்டும் விசாரிக்க வேண்டும் என்று 1983இல் சட்டத்தைத் திருத்தினார்கள். நம் ஊரில் அந்த வேலையை ஆர்.டி.ஓ. பார்க்கிறார். 1986இல் வரதட்சணை மரணம் என்று தனிக் குற்றமே வந்தது. அதற்கும் ஏழு வருஷம். 2024 ஜூலை 1 முதல் சட்டங்களின் பெயரும் எண்ணும் மாறிவிட்டன. பழைய 304பி இப்போது பாரதிய நியாய சன்ஹிதாவில் 80. பழைய 498ஏ இப்போது 85. ஏழு மட்டும் ஏழாகவே இருக்கிறது.

நம் வீடுகளுக்குள் சட்டம் இவ்வளவு நேரம் தவறாமல் வந்து நிற்பது இந்த ஒரு சந்தர்ப்பத்தில்தான். அதற்கு ஒரு பிணம் தேவைப்படுகிறது.

இதை ஏன் சொல்ல வருகிறேன் என்றால், இமையத்தின் 'செல்லாத பணம்' நாவலை இரண்டாவது முறையாகப் படித்து முடித்தேன். 2018இல் க்ரியா வெளியிட்டது. 2020க்கான சாகித்ய அகாதமி விருது வாங்கியது. முதல் முறை படித்தபோது நாவலாகப் படித்தேன், இரண்டு நாள் தூக்கம் கெட்டது. இரண்டாவது முறை படித்தபோது கோபம் வந்தது. கோபம் இமையத்தின் மேல் இல்லை. கொஞ்சம் அவர் மேலும்தான், அதைப் பிறகு சொல்கிறேன்.

சென்னையிலிருந்து திருச்சி போகும் நெடுஞ்சாலையில் உளுந்தூர்பேட்டை தாண்டி வருகிறது வேப்பூர் கூட்டுரோடு. கிழக்கே திரும்பினால் விருத்தாசலம், மேற்கே போனால் சின்னசேலம், சேலம். வெள்ளிக்கிழமை போனால் ஆட்டுச் சந்தை. நேரே தெற்கே இன்னும் சில கிலோமீட்டர் போனால் கழுதூர், இமையத்தின் ஊர். பீங்கானுக்குப் பேர்போன விருத்தாசலத்தில்தான் பல வருஷமாக வசிக்கிறார், அங்கே பள்ளி ஆசிரியராக இருந்தவர். இந்தச் சுற்று வட்டாரத்து மனிதர்களை அவரைவிட நெருக்கமாக எழுதியவர் இல்லை.

கதை தெரியாதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்கிறேன். இன்ஜினீயரிங் படித்த ரேவதி, வாத்தியார் வீட்டுப் பெண். ஆட்டோ ஓட்டும் ரவியைக் கல்யாணம் செய்துகொள்வேன் என்று ஒற்றைக் காலில் நிற்கிறாள். ரவி பர்மாவிலிருந்து திரும்பி வந்த அகதிக் குடும்பத்துப் பையன். அப்பா நடேசன், அம்மா அமராவதி, அண்ணன் முருகன், அண்ணி அருண்மொழி எல்லாரும் தடுத்துப் பார்க்கிறார்கள், முடியவில்லை. அடி, உதை, பணம், குழந்தைகள். கடைசியில் தீக்காயத்தோடு பாண்டிச்சேரி ஜிப்மரில் கிடக்கிறாள். நாவலின் பெரும்பகுதி அந்த வார்டு வாசலில்தான் நடக்கிறது. எவ்வளவு பணம் வேண்டுமானாலும் கொட்டத் தயாராக இருக்கிறார் நடேசன். அந்த இடத்தில் பணம் செல்லாது. தலைப்புக்கு அதுதான் அர்த்தம்.

தானே கொளுத்திக்கொண்டாளா, ரவி கொளுத்தினானா? இமையம் சொல்வதில்லை. அதில்தான் அவர் பெரிய எழுத்தாளர். வேறு யாராவது எழுதியிருந்தால் மூன்றாவது அத்தியாயத்திலேயே ரவிக்குத் தூக்குத் தண்டனை கொடுத்திருப்பார்கள். இங்கே ரவியும் அருண்மொழியிடம் தன் பக்கத்தைப் பேசுகிறான். கேட்கும்போது அவன் சொல்வதிலும் ஏதோ இருக்கிறது என்று ஒரு கணம் தோன்றி, அப்படித் தோன்றியதற்காகவே வெட்கப்படுகிறோம். ஆஸ்பத்திரி வாசலில் காத்திருக்கும் மற்றக் குடும்பங்கள், அவர்களுடைய ஒப்பாரி, யாராவது டீ வாங்கி வருவது, அந்தச் சமயத்திலும் பழைய கணக்கு வழக்கு பேசுவது, இதையெல்லாம் எழுத ஒரு காது வேண்டும். சில இடங்களில் புலம்பல் நீள்கிறது, பத்துப் பக்கம் குறைத்திருக்கலாம் என்று நினைத்தேன். ஆனால் ஜிப்மர் வாசலில் உட்கார்ந்து பார்த்தவர்கள் அப்படிச் சொல்ல மாட்டார்கள்.

சரி, என் கோபத்துக்கு வருகிறேன்.

படித்த குடும்பம். அப்பா அரசாங்கத்தின் எல்லாப் படிவங்களையும் பூர்த்தி செய்யத் தெரிந்தவர். பெண் இன்ஜினீயர். இத்தனை வருஷத்தில் இவர்களில் ஒருவருக்குக்கூட நேரத்தோடு ஒரு கோர்ட் படி ஏற வேண்டும் என்று தோன்றவில்லை. போலீஸ் வருவது, வாக்குமூலம், விசாரணை, எல்லாமே எரிந்த பிறகுதான். அதற்கு முன்னால் அவர்களுக்குத் தெரிந்தவை இரண்டே கதவுகள். ஒன்று, பொறுத்துக்கொண்டு இருப்பது. இன்னொன்று, அப்பா வீட்டுக்கு வந்துவிடுவது. இரண்டாவது கதவுக்கு மானம் என்று ஒரு தாழ்ப்பாள்.

இது இமையத்தின் குறையா என்று கேட்டால் கிடையாது. நம் வீடுகளில் அப்படித்தான். 'நீயா தேடிக்கிட்டதுதானே, நீயே அனுபவி' என்ற வசனம் காதல் கல்யாணம் செய்த எந்தப் பெண்ணும் கேட்காமல் தப்பியதில்லை. நாளடைவில் அவளே அதை நம்பத் தொடங்குகிறாள். நானாகத் தேடிக்கொண்டவனைப் பற்றிப் புகார் சொல்ல எனக்கு வாய் ஏது? எந்தச் சட்டத்திலும் இப்படி ஒரு பிரிவு இல்லை. பெற்றோர் பார்த்து வைத்த மாப்பிள்ளை அடித்தால் குற்றம், நாமாகப் பார்த்துக்கொண்டவன் அடித்தால் குற்றமில்லை என்று எந்தப் புத்தகத்திலும் எழுதவில்லை.

2005இல் வந்த குடும்ப வன்முறைச் சட்டம் 2006 அக்டோபர் 26 முதல் அமலில் இருக்கிறது. இந்தச் சட்டத்தைப் பற்றி நம்மில் பலருக்கு இருக்கும் எண்ணம், அது புருஷனை ஜெயிலுக்கு அனுப்பும் சட்டம் என்பது. உண்மையில் அது முதலில் ஜெயிலைப் பற்றிப் பேசவில்லை. அடிக்காதே என்று ஓர் உத்தரவு (பிரிவு 18). வீட்டை விட்டு வெளியே தள்ளாதே என்று ஓர் உத்தரவு (19). செலவுக்குப் பணம் கொடு (20). குழந்தைகள் இப்போதைக்குத் தாயிடம் இருக்கட்டும் (21). இந்த உத்தரவை மீறினால்தான் ஒரு வருஷம் வரை ஜெயில். விவாகரத்து கேட்க வேண்டிய அவசியமே இல்லை. 'எனக்கு இவரோட வாழணும், ஆனா அடி வாங்காம வாழணும்' என்று சொல்லும் பெண்ணுக்கும் இந்தச் சட்டத்தில் இடமிருக்கிறது. ரேவதி மாதிரிப் பெண்கள் பெரும்பாலும் அதைத்தான் சொல்கிறார்கள்.

மாவட்டச் சமூக நல அலுவலகத்தில் பாதுகாப்பு அலுவலர் என்று ஒருவர் இருக்கிறார். அவரிடம் சொன்னால் நடந்ததை ஒரு படிவத்தில் எழுதி மாஜிஸ்திரேட் கோர்ட்டுக்கு அனுப்ப வேண்டியது அவர் வேலை. நேராக மாஜிஸ்திரேட்டிடமும் மனு போடலாம். கணவன் வீடு இருக்கும் ஊரில்தான் போட வேண்டும் என்றில்லை. அம்மா வீட்டில் தற்காலிகமாகத் தங்கியிருந்தால் அந்த ஊர் கோர்ட்டிலேயே போடலாம். மூன்று நாளுக்குள் முதல் வாய்தா, அதிலிருந்து அறுபது நாளுக்குள் முடிக்க முயல வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. அறுபது நாள் என்பது நடைமுறையில் எவ்வளவு நீளும் என்பது கோர்ட் வராந்தாவில் நின்றவர்களுக்குத் தெரியும். ஆனால் அவசரம் என்றால் எதிர்த்தரப்பைக் கேட்காமலே இடைக்கால உத்தரவு போடும் அதிகாரம் மாஜிஸ்திரேட்டுக்கு உண்டு. அதைக் கேட்டு வாங்க வேண்டும். கேட்காமல் கிடைக்காது.

வீடு மாமனார் பெயரில் இருக்கிறது, எனக்கு என்ன உரிமை என்று கேட்பார்கள். 2006இல் சுப்ரீம் கோர்ட்டே அப்படித்தான் சொல்லியிருந்தது. 2020 அக்டோபரில் சதீஷ் சந்தர் அகுஜா வழக்கில் மூன்று நீதிபதிகள் அந்தத் தீர்ப்பு தவறு என்றார்கள். குடும்பமாக வாழ்ந்த வீடு என்றால், பத்திரத்தில் யார் பெயர் இருந்தாலும் மருமகள் அங்கே இருக்க உரிமை கேட்கலாம். வாடகை வீட்டுக்கும் இது பொருந்தும்.

வக்கீல் ஃபீஸ்? பெண்ணாக இருந்தால் போதும். 1987ஆம் வருஷத்துச் சட்டப் பணிகள் ஆணையச் சட்டத்தின் 12ஆம் பிரிவு, பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வருமானம் எவ்வளவு என்று பார்க்காமல் இலவசமாக வக்கீல் வைத்துக்கொடுக்கச் சொல்கிறது. கலெக்டர் மகளாக இருந்தாலும் கேட்கலாம். போன் எண் 15100. பெண்களுக்கான உதவி எண் 181, குழந்தைகளுக்கு 1098.

இதெல்லாம் பேப்பரில் இருப்பது. நடப்பது என்ன? மகளிர் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போகிறார்கள். 1992இல் தமிழ்நாட்டில் இந்த ஸ்டேஷன்கள் வந்தபோது பெரிய ஆறுதலாகத்தான் இருந்தது. ஆனால் அங்கே அதிகம் நடப்பது கவுன்சலிங். இரண்டு பேரையும் உட்கார வைத்து, 'இனிமே அடிக்க மாட்டேன்னு எழுதிக் குடுய்யா' என்று ஒரு வெள்ளைத்தாளில் எழுதி வாங்கி அனுப்புவார்கள். அந்தத் தாளைக் கோர்ட் உத்தரவு என்று நினைத்துக்கொண்டு வீடு திரும்பும் பெண்கள் எத்தனை பேர்! அதை அவன் மீறினால் ஒன்றும் ஆகாது. மாஜிஸ்திரேட் உத்தரவை மீறினால் ஆகும். ஸ்டேஷனுக்குப் போனால் குறைந்தபட்சம் சி.எஸ்.ஆர். ரசீதை வாங்காமல் திரும்பாதீர்கள். என்றைக்கு, என்ன புகார் சொன்னோம் என்பதற்குப் பிற்பாடு அந்தத் துண்டுச் சீட்டுதான் சாட்சி.

ஸ்டேஷனைத் தாண்டினால் பஞ்சாயத்து. ஆட்டுச் சந்தையில் பேரம் பேசுவதைப் பார்த்திருப்பீர்கள். துண்டைப் போர்த்தி, உள்ளே விரலைப் பிடித்து விலை சொல்வார்கள். வெளியில் நிற்பவருக்கு ஒன்றும் புரியாது. நம் ஊர்ப்பக்கங்களில் 'அத்து விடுவது' கிட்டத்தட்ட அப்படித்தான். இரண்டு பக்கத்துப் பெரிய மனிதர்கள், போட்ட நகை இவ்வளவு, செய்த செலவு இவ்வளவு, போனது போகட்டும் இவ்வளவுக்கு முடித்துக்கொள் என்று பேசி, முத்திரைத்தாளில் விடுதலைப் பத்திரம் எழுதி இரண்டு பேரிடமும் கையெழுத்து வாங்குவார்கள். சந்தைக்கும் இதற்கும் ஒரு வித்தியாசம் உண்டு. சந்தையில் முடிந்த வியாபாரம் முடிந்ததுதான். இங்கே முடிவதில்லை.

அந்தப் பத்திரம் விவாகரத்து ஆகாது. இந்து திருமணச் சட்டம் 29ஆம் பிரிவில் வழக்கப்படியான விவாகரத்துக்கு ஒரு விலக்கு இருக்கிறது, உண்மைதான். ஆனால் எங்கள் சமூகத்தில் இப்படி ஒரு வழக்கம் நெடுங்காலமாக, மாறாமல் இருந்து வருகிறது என்று கோர்ட்டில் நிரூபிக்க வேண்டும். அது லேசில் நடக்காது. நிரூபிக்காவிட்டால் பத்திரத்தை நம்பிச் செய்த இரண்டாவது கல்யாணம் செல்லாது. அந்த இரண்டாவது பெண் பத்து வருஷம் கழித்து, புருஷன் இறந்து பென்ஷன் கேட்கப் போகும்போதுதான் தான் மனைவியே இல்லை என்று தெரிந்துகொள்வாள். அவளுடைய பிள்ளைகளைச் சட்டம் கைவிடவில்லை. 16ஆம் பிரிவுப்படி அவர்கள் முறையான பிள்ளைகள்தான். அப்பாவுக்குக் குடும்பச் சொத்தில் வரவேண்டிய பங்கிலும் அவர்களுக்குப் பாத்தியதை உண்டு என்று 2023 செப்டம்பரில் சுப்ரீம் கோர்ட் தெளிவாக்கியது. அம்மாவின் நிலைதான் அந்தரம்.

இரண்டு பேருக்கும் சம்மதம் என்றால் 13பி பிரிவில் மனு போடலாம். ஒரு வருஷம் பிரிந்திருக்க வேண்டும், மனு போட்டு ஆறு மாதம் காத்திருக்க வேண்டும். அந்த ஆறு மாதத்தைக் கோர்ட் நினைத்தால் தள்ளுபடி செய்யலாம் என்று 2017இல் தீர்ப்பு வந்திருக்கிறது. ஒருவருக்குச் சம்மதம் இல்லை என்றால் காரணம் காட்டி வழக்கு நடத்த வேண்டும். மனைவி தான் இப்போது இருக்கும் ஊர் கோர்ட்டிலேயே போடலாம் என்று 2003இல் திருத்தம் வந்தது. ஜீவனாம்சம் மனு போட்ட தேதியிலிருந்தே தர வேண்டும், இரண்டு பேரும் சொத்து, சம்பளம் எல்லாவற்றையும் பிரமாணப் பத்திரத்தில் காட்ட வேண்டும் என்று 2020 நவம்பரில் ரஜ்னேஷ் - நேஹா வழக்கில் சுப்ரீம் கோர்ட் சொன்னது. 'எனக்கு வேலையே இல்லைங்க ஐயா' என்று காரில் வந்து இறங்கிச் சொல்பவர்களுக்காகப் போட்ட உத்தரவு அது.

ஆனால் விவாகரத்துச் சட்டம் எவ்வளவு தெரிந்தாலும் ரேவதி போயிருக்க மாட்டாள் என்று எனக்குத் தோன்றுகிறது. காரணம் குழந்தைகள்.

அடி வாங்கும் பெண்ணைக் கட்டிப்போட, 'உன்னைக் கொன்னுடுவேன்' என்ற மிரட்டலைவிட, 'போறியா, போ. புள்ளைங்கள விட்டுட்டுப் போ' என்பது நன்றாக வேலை செய்கிறது. அவன் சொல்வதைச் சட்டம் என்று அவள் நம்புகிறாள். பிள்ளைகள் அப்பனுக்குச் சொந்தம் என்பது நமக்குத் தாய்ப்பாலோடு ஊட்டப்பட்ட சட்டம். அது சரியில்லை. இந்து மைனர் காப்பாளர் சட்டம் (1956) 6ஆம் பிரிவு, ஐந்து வயது முடியாத குழந்தை சாதாரணமாகத் தாயிடம்தான் இருக்க வேண்டும் என்கிறது. ஐந்துக்கு மேல் என்றால் அப்பனுக்குத் தானாகப் போய்விடுமா? போகாது. அதே சட்டத்தின் 13ஆம் பிரிவு, எல்லாவற்றுக்கும் மேலே குழந்தையின் நலன் என்கிறது. யாருக்குச் சம்பளம் அதிகம், யார் வீட்டில் ஏ.சி. இருக்கிறது என்பது முதல் கேள்வி இல்லை. யார் குளிப்பாட்டி, சோறு ஊட்டி, பள்ளிக்கூடம் கொண்டுபோய் விட்டார்கள், எந்த வீட்டில் குழந்தை பயமில்லாமல் தூங்கும் என்று பார்க்கிறார்கள். விவரம் தெரிந்த பிள்ளை என்றால் நீதிபதி தன் அறைக்குக் கூப்பிட்டு, அம்மா அப்பா இல்லாமல் தனியாகப் பேசுவார். முஸ்லிம், கிறிஸ்துவக் குடும்பங்களுக்குத் தனிச் சட்டங்கள் உண்டு, 1890ஆம் வருஷத்துக் காப்பாளர் சட்டமும் உண்டு. அங்கும் கடைசியில் குழந்தையின் நலன்தான் பேசும்.

காப்பாளர் என்பதும், குழந்தையைக் கையில் வைத்துக்கொள்வதும் வேறு வேறு. இதில் பலருக்குக் குழப்பம். அந்த 6ஆம் பிரிவில் இயற்கைக் காப்பாளர் தந்தை, 'அவருக்குப் பிறகு' தாய் என்று இருக்கிறது. எழுத்தாளர் கீதா ஹரிஹரன் தன் மகன் பேரில் ரிசர்வ் வங்கிப் பத்திரம் வாங்கப் போனபோது, அப்பா கையெழுத்து வேண்டும் என்றார்கள். பெற்ற தாயின் கையெழுத்து செல்லாது! அவர் சுப்ரீம் கோர்ட் போனார். 1999 பிப்ரவரியில் தீர்ப்பு. 'பிறகு' என்றால் அப்பா செத்த பிறகு என்று மட்டும் அர்த்தமில்லை. அவர் இல்லாதபோது, பொறுப்பைக் கவனிக்காதபோது என்றும் அர்த்தம் என்றது கோர்ட். வார்த்தையை மாற்றவில்லை, அர்த்தத்தை நீட்டினார்கள். சட்டப் புத்தகத்தில் 'பிறகு' இன்னும் அப்படியேதான் இருக்கிறது.

அப்பாக்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம். உங்கள் பக்கத்தில் நியாயமில்லை என்று நான் சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை இரண்டு மணி நேரம் பிள்ளையைப் பார்க்க அனுமதி வாங்கி, பொம்மையோடு போய் வாசலில் நின்று, 'தூங்குறான், அடுத்த வாரம் வாங்க' என்று திருப்பி அனுப்பப்பட்ட அப்பாக்கள் இருக்கிறார்கள். 2022இல் சென்னை ஹைகோர்ட்டில் ஒரு நீதிபதி, குழந்தையைப் பார்க்க வரும் துணையை விருந்தாளியைப் போல நடத்த வேண்டும், டீயும் பலகாரமும் கொடுக்க வேண்டும் என்று உத்தரவே போட்டார். டிவிஷன் பெஞ்ச் அந்த டீயை ரத்து செய்துவிட்டது. டீயைச் சட்டத்தால் ஊற்ற முடியாதுதான். ஆனால் அவர் சொல்ல வந்தது எனக்குப் புரிந்தது.

நாவலுக்குத் திரும்புகிறேன். ரேவதி போன பிறகு குழந்தைகள் யாருக்கு? நடேசன், அமராவதி மாதிரித் தாத்தா பாட்டிக்குச் சட்டத்தில் இடம் இருக்கிறதா? இருக்கிறது. மேற்கு வங்கத்திலிருந்து வந்த நீல் ரத்தன் குண்டு வழக்கில் மகள் இறந்துபோனாள், மருமகன் மேல் அந்தச் சாவுக்காகக் கிரிமினல் வழக்கு நடந்துகொண்டிருந்தது. கீழ்க் கோர்ட்டும் கல்கத்தா ஹைகோர்ட்டும் பையனை அப்பாவிடம் கொடுக்கச் சொல்லிவிட்டன. 2008 ஆகஸ்டில் சுப்ரீம் கோர்ட் அதை மாற்றியது. அம்மா செத்த வழக்கில் அப்பா குற்றவாளிக் கூண்டில் நிற்கும்போது அதைக் கணக்கில் எடுக்காமல் எப்படி முடிவு செய்தீர்கள், பையனிடம் ஏன் கேட்கவில்லை என்று கேட்டது. பையன் தாத்தா பாட்டியிடம் தங்கினான்.

இதைப் படித்துவிட்டு எல்லாத் தாத்தாக்களும் கிளம்பிவிடக் கூடாது. 2019இல் தேஜஸ்வினி கௌடு வழக்கில் நேர் எதிராகத் தீர்ப்பு வந்தது. அதில் தாய் புற்றுநோயில் இறந்தாள். குழந்தையை வளர்த்துக்கொண்டிருந்தவர்கள் சித்தி, பெரியம்மாக்கள். அப்பா மேல் எந்தக் குற்றமும் இல்லை, குழந்தை அவரிடம் போக வேண்டும் என்றது கோர்ட். இரண்டையும் சேர்த்துப் படித்தால்தான் சட்டம் எதைப் பார்க்கிறது என்று புரியும்.

இப்போது இமையத்தின் மேல் இருக்கும் அந்தக் கொஞ்சம் கோபம். குடும்பத்தில் ஒவ்வொருவரும் தன் பங்குக் குற்றத்தைத் தேடித் தேடி எடுத்துப் போட்டு அழுகிறார்கள். அன்றைக்கு அவளை அப்படிப் பேசாமல் இருந்திருக்கலாம், அன்றைக்கு உள்ளே கூப்பிட்டிருக்கலாம். 'அன்றைக்கு ஒரு வக்கீலைப் பார்த்திருக்கலாம்' என்ற அழுகை மட்டும் எனக்குக் கேட்கவில்லை. அருண்மொழியாவது அதைச் சொல்லியிருக்கலாம், அந்த வீட்டில் நிதானமாக யோசிக்கிற ஆள் அவள்தான். நாவல் சட்டப் புத்தகம் இல்லை என்று நீங்கள் சொல்வீர்கள். ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இத்தனை விசனங்களில் அந்த ஒரு விசனம் விடுபட்டதால், படிப்பவருக்கு இது விதி, இப்படித்தான் முடியும் என்ற எண்ணம் தங்கிவிடுகிறது. எரிவதற்கு முன்னால் வேறு முடிவுக்கு வழி இருந்தது என்பது தெரிந்திருந்தால் துக்கம் இன்னும் பெரிதாகியிருக்கும்.

தீக்காய வார்டில் மாஜிஸ்திரேட் வந்து மரண வாக்குமூலம் வாங்குவார். டாக்டர் பக்கத்தில் நின்று, நினைவு தெளிவாக இருக்கிறது என்று கையெழுத்துப் போடுவார். சாகப்போகிறவள் சொல்வதைச் சட்டம் கிட்டத்தட்ட முழுசாக நம்புகிறது. முன்பு சாட்சியச் சட்டம் 32, இப்போது சாட்சிய அதினியத்தில் 26. தன் வாழ்க்கையில் முதல் தடவையாக அவள் சொல்வதை அரசாங்கம் வார்த்தை வார்த்தையாக எழுதிக்கொள்கிறது. அந்த நேரத்தில் பல பெண்கள் சொல்வது, 'ஸ்டவ் வெடிச்சிடுச்சி.' பொய் என்று எழுதுகிறவருக்கும் தெரியும். அவனும் ஜெயிலுக்குப் போய்விட்டால் பிள்ளைகளை யார் பார்ப்பார்கள் என்பது அவள் கணக்கு. பிள்ளைகள் யாருக்கு என்ற கேள்வியைக் குடும்ப நல நீதிமன்றத்தில் ஒரு நாற்காலியில் உட்கார்ந்து கேட்டிருக்கலாம். கட்டிலில் எரிந்து கிடந்துகொண்டு, தானே கேட்டு, தானே தீர்ப்பும் சொல்லிவிட்டுப் போகிறாள்.

புத்தகத்தை வாங்கிப் படியுங்கள். படித்து முடித்ததும் கடைசியில் இருக்கும் வெற்றுப் பக்கத்தில் 15100 என்று பேனாவால் எழுதிவிட்டு, யாராவது ஒரு வீட்டுக்கு இரவல் கொடுங்கள். எந்த வீட்டுக்கு என்று உங்களுக்கே தெரியும். திரும்பி வராது. பரவாயில்லை.